முதல்வன் (திரைப்படம்)

முதல்வன், ஷங்கர் இயக்கத்தில் 1999 தீபாவளியையொட்டி வெளிவந்த தமிழ்ப் படம். அர்ஜுன், மனிஷா கொய்ராலா, ரகுவரன், மணிவண்ணன், வடிவேலு, விஜயகுமார் ஆகியோர் நடித்தனர். வசனம் சுஜாதா, இசை ஏ. ஆர். ரகுமான், ஒளிப்பதிவு கே. வி. ஆனந்த். அரசியல் படம் என்றே பெயர் வாங்கியிருந்தாலும், நாற்காலியில் உட்கார்ந்த ஒருவன் காதலிக்கப் படும் பாடும் இதில் கணிசமாக உண்டு.

தொலைக்காட்சிக்காரனான புகழேந்தி, நேரலைப் பேட்டியில் முதலமைச்சர் அரங்கநாதனைக் கேள்விகளால் மடக்குகிறான். முடிந்தால் ஒருநாள் என் இடத்தில் இருந்து பார் என்று அவர் சவால் விட, ஏற்றுக்கொள்கிறான். அந்த ஒருநாள் பின்னர் அவனை முழுநேர முதல்வராகவே ஆக்கிவிடுகிறது.

காதல் கதையின் சுவை, புகழேந்தி காதலிக்கும் தேன்மொழியின் அப்பாவிடம் இருக்கிறது. அரசாங்க வேலைக்காரனுக்குத்தான் பெண் என்பது அவர் பிடிவாதம். அதற்காகப் புகழேந்தி ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்கிறான். மாநிலத்தின் உச்சப் பதவியே கைக்கு வந்த பிறகும் பெண் மட்டும் கிடைப்பதாக இல்லை. அரசியல் அவருக்கு வேலைக் கணக்கில் சேராது, ஆபத்துக் கணக்கில்தான் சேரும். கோட்டையில் அத்தனை அதிகாரிகளும் எழுந்து நிற்கும் ஆளால், ஒரு கிராமத்து மனிதரின் வீட்டுத் திண்ணையைத் தாண்ட முடியவில்லை.

ஆட்சியில் இருப்பவரின் காதலைச் சொல்லும் மற்ற படங்களோடு ஒப்பிடலாம். ராப் ரெய்னரின் 'தி அமெரிக்கன் பிரசிடென்ட்' (1995) படத்தில் மனைவியை இழந்த அதிபரின் காதலுக்குக் குறுக்கே வருபவை எதிர்க்கட்சியின் ஏச்சும் சரியும் செல்வாக்கும். மகேஷ் பாபுவின் 'பரத் அனே நேனு' (2018) படத்திலும் காதல் அம்பலமாகி முதல்வர் பதவி விலகுகிறார். இங்கே ஊர் ஓட்டுப் போட்டுவிட்டது, மாமனார்தான் போடவில்லை. ஆனால் ரெய்னரின் நாயகி சுற்றுச்சூழல் சட்டத்துக்காக வாதாடுபவள். தேன்மொழிக்கோ ஆடுவதும் காத்திருப்பதும் தவிர அதிக வேலை இல்லை. படத்தின் பெரிய குறை இது.

புகழேந்தியின் பெற்றோர் குண்டுவெடிப்பில் இறந்த பின் கலகலப்பு வடிந்து, கதை பழிவாங்கலுக்குத் திரும்பிவிடுகிறது.

தெலுங்கில் 'ஒகே ஒக்கடு' என்ற பெயரில் மொழிமாற்றமானது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் திருத்தணி, பள்ளிப்பட்டு, அம்மையார்குப்பம் பக்கத்து ரசிகருக்கு இரண்டு பெயரும் அந்நியமில்லை. ஷங்கரே இதை இந்தியில் அனில் கபூர், ராணி முகர்ஜி, அம்ரீஷ் புரி நடிக்க 'நாயக்' (2001) என்று மறுபடி எடுத்தார்.