நாய் இனங்கள்: ஆபத்தானவையா, தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டவையா?

நாய் கடித்து வெளிநோயாளர் பிரிவுக்கு வருவோரிடம் என்ன நடந்தது என்று கேட்டால், பலரும் முதலில் நாயின் இனத்தையே கூறுகின்றனர். "தெருநாய் இல்லை டாக்டர், வீட்டில் வளர்க்கும் பொமரேனியன்தான்" என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியம். அந்தத் 'தான்' என்ற சொல்லில், இந்தக் கடிக்குத் தடுப்பூசி தேவையா என்ற ஐயமும் அடங்கியிருக்கிறது. மறுபுறம், ராட்வெய்லர் என்ற பெயரைக் கேட்ட அளவிலேயே அஞ்சி, அந்த நாய் வளரும் வீட்டினரோடு பேச்சையே நிறுத்திவிடும் அண்டை வீட்டாரும் உள்ளனர். இவ்விரு மனநிலைகளிலும் ஓரளவு உண்மையும் ஓரளவு பிழையும் கலந்துள்ளன. அவற்றைப் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விவாதம் எங்கிருந்து எழுந்தது?

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒன்றிய அரசின் கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறை மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பிட்புல், ராட்வெய்லர், டோகோ அர்ஜென்டினோ, கேன் கோர்சோ முதலான இருபதுக்கும் மேற்பட்ட நாய் இனங்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றைத் தடுக்குமாறு அது கூறியது. அப்பட்டியலில் 'டோசா இனு' என்றும் 'ஜப்பானிய டோசா' என்றும் ஒரே இனம் இருமுறை இடம்பெற்றிருந்தது. 'டெரியர்கள்' என்று ஒரு பெருங்குடும்பமே ஒரே சொல்லில் அடக்கப்பட்டிருந்தது. கைக்குள் அடங்கும் யார்க்‌ஷயர் டெரியரும் பெயரளவில் அதற்குள் வந்துவிடும். உரியவர்களின் கருத்தைக் கேட்காமல் பிறப்பிக்கப்பட்டது என்ற அடிப்படையில், அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அச்சுற்றறிக்கையை ரத்து செய்தது. தில்லி உயர் நீதிமன்றத்திலும் அது நிலைக்கவில்லை.

அதே ஆண்டு மே மாதம், சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வெய்லர் நாய்கள் கடித்துக் குதறின. குழந்தையின் தலைத்தோல் கிழிந்து, அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. நாய்கள் கட்டப்படாமலும் வாய்மூடி அணிவிக்கப்படாமலும் இருந்தன. அந்நிகழ்வுக்குப் பின்னர், எந்த இனம் ஆபத்தானது என்ற கேள்வி பெற்றோர் மனத்தில் எழுவது இயல்பே.

இனம் குணத்தைத் தீர்மானிக்கிறதா?

இதனை இரண்டு கேள்விகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாய் கடிக்குமா என்பது முதல் கேள்வி. கடித்தால் என்ன ஆகும் என்பது இரண்டாவது கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் விவாதம் முடிவின்றி நீள்கிறது.

முதல் கேள்விக்கு, 2022இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு ஓரளவு விடை தருகிறது. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தை குறித்து வளர்ப்போர் அளித்த தகவல்களும், அவற்றுள் சுமார் 2,150 நாய்களின் மரபணு விவரங்களும் அதில் ஒப்பிடப்பட்டன. தனித்தனி நாய்களிடையே காணப்படும் நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 விழுக்காட்டை மட்டுமே இனம் விளக்கியது. எளிதில் சினம் கொள்ளும் தன்மைக்கும் இனத்துக்கும் உள்ள தொடர்பு மிகக் குறைவாகவே இருந்தது. பிட்புல்லின் முன்னோர் இங்கிலாந்தில் காளையோடும் பின்னர் பிற நாய்களோடும் மோதவிடப்பட்டவை என்பதும், ராட்வெய்லர் ஜெர்மனியின் ராட்வைல் நகரில் மாடு ஓட்டப் பயன்பட்டது என்பதும் வரலாறு. ஆனால் இன்று உங்கள் தெருவில் உள்ள ஒரு குறிப்பிட்ட நாய் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவ்வரலாறு கூறிவிடாது. நம் இராஜபாளையம், கோம்பை நாய்களும் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டவையே.

இந்த ஆய்வைக் காட்டி 'எல்லா நாயும் ஒன்றுதான்' என்று வாதிடுவோரும் உள்ளனர். அது சரியன்று. ஆய்வு பேசுவது சராசரி நடத்தையைப் பற்றி. அரிதாக நிகழும் கொடிய தாக்குதலைப் பற்றி அன்று. மேலும், அது இரண்டாவது கேள்வியைத் தொடவேயில்லை.

வளர்ந்த ஆண் ராட்வெய்லர் ஏறத்தாழ 50 கிலோ எடையுள்ளது. ஐந்து வயதுக் குழந்தையின் எடை சுமார் 18 கிலோ. ஐந்தாறு கிலோ எடையுள்ள ஸ்பிட்ஸ் நாய் எரிச்சலில் கடித்தால் விரலில் பல் பதியும். அதே எரிச்சலில் 50 கிலோ நாய் கடித்து, பிடியை விடாமல் உதறினால் தசையும் தலைத்தோலும் கிழியும்; குழந்தை கீழே விழும். பிட்புல்லின் தாடையில் 'பூட்டு' இருப்பதாகக் கூறுவது கட்டுக்கதை. அப்படி ஓர் உறுப்பமைப்பு எந்த நாய்க்கும் இல்லை. ஆனால் பிடித்ததை விடாமல் உதறும் பழக்கம் பெரிய உடலோடு சேரும்போது காயம் பன்மடங்காகிறது. ஆகவே, பெரிய, வலிமையான நாயை வளர்ப்போருக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு என்பதே என் கருத்து. அந்த நாய் தீயது என்பதனால் அன்று. அதன் ஒரு பிழைக்கு நாம் கொடுக்கும் விலை மிகப் பெரிது என்பதனால்.

பிற நாடுகளின் அனுபவம்

பிரிட்டன் 1991இலேயே நான்கு இனங்களைத் தடை செய்தது. 2024 பிப்ரவரி முதல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 'எக்ஸ்எல் புல்லி' வகை நாயை விலக்குச் சான்றின்றி வைத்திருப்பது குற்றமாகும். அது முறையாக அங்கீகரிக்கப்பட்ட இனம் அன்று என்பதால், ஆண் நாய் 51 செ.மீ., பெண் நாய் 48 செ.மீ. உயரத்திலிருந்து என்று உடல் அளவுகளைக் கொண்டே அடையாளம் காண வேண்டியிருந்தது. நெதர்லாந்து தன் பிட்புல் தடையை 2008இல் விலக்கிக்கொண்டது. ஸ்பெயினின் அரகோன் பகுதியில், ஆபத்தான நாய்கள் குறித்த சட்டத்துக்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த கடிகளை ஒப்பிட்ட ஆய்வு, குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை. கடிக்கும் நாய்களில் பெரும்பாலானவை பட்டியலில் இல்லாத சாதாரண நாய்களாக இருப்பதே அதற்குக் காரணம்.

கடிக்கு உண்மையான காரணங்கள்

நாய்க்குட்டி பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை மனிதர்களையும் குழந்தைகளையும் ஓசைகளையும் பழகிக்கொள்ளும் காலமாகும். அக்காலத்தில் கூண்டிலோ மாடியிலோ தனித்து வளர்ந்த நாய், பின்னர் அறிமுகமில்லாத எதையும் அச்சத்தோடு அணுகும். நாள் முழுவதும் சங்கிலியில் கட்டப்பட்டிருத்தல், அடித்துப் பழக்குதல், உடல்வலி, குட்டிகளைக் காத்தல், உணவை யாரேனும் தொடுதல் ஆகியனவும் கடிக்குக் காரணமாகின்றன.

நாய் பெரும்பாலும் எச்சரித்த பின்னரே கடிக்கிறது. உடல் விறைத்து அசையாமல் நிற்பது, கண்ணின் வெண்பகுதி தெரியப் பார்ப்பது, காரணமின்றி உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, உறுமுவது ஆகியவை அந்த எச்சரிக்கைகள். உறுமியதற்காக நாயை அடிக்காதீர்கள். அடிபட்ட நாய் உறுமுவதை மட்டுமே நிறுத்தும். அடுத்த முறை எச்சரிக்கையின்றிக் கடிக்கும்.

குழந்தைகளைக் கடிப்பது பல நேரங்களில் அவர்கள் நன்கு அறிந்த நாயே. குழந்தையின் முகம் நாயின் வாய்க்கு நேராக இருப்பதால் காயம் முகம், கழுத்து, தலையில் ஏற்படுகிறது. உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தொடக் கூடாது என்று குழந்தைக்குக் கற்பியுங்கள். எவ்வளவு சாதுவான நாயாயினும், எந்த இனமாயினும், சிறு குழந்தையை அதனோடு தனியே விடாதீர்கள். நாய் துரத்த வந்தால் ஓடாமல், கத்தாமல், கைகளை உடலோடு ஒட்டி அசையாமல் நிற்க வேண்டும். கீழே விழுந்துவிட்டால் உடலைச் சுருட்டிக்கொண்டு, கைகளால் கழுத்தையும் காதுகளையும் மூடிக்கொள்ள வேண்டும்.

வளர்ப்போர் வெளியே அழைத்துச் செல்லும்போது உறுதியான வாரும், பெரிய நாய்க்கு வாய்மூடியும் பயன்படுத்த வேண்டும். வாய்மூடி கொடுமை அன்று. நாய் வாய் திறந்து மூச்சிரைக்கவும் நீர் அருந்தவும் இடமளிக்கும் கூடை வடிவ வாய்மூடி கிடைக்கிறது. நாய்க்கு மூன்று மாத வயதில் வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசியைத் தொடங்கி, கால்நடை மருத்துவர் கூறும் கால இடைவெளியில் தொடருங்கள். உள்ளாட்சி அமைப்பின் உரிமத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

கடித்துவிட்டால்

இங்கு இனத்துக்குச் சற்றும் இடமில்லை. வெறிநாய்க்கடி நோய்க்கிருமி எந்த இனத்தின் உமிழ்நீரிலும் இருக்கலாம். நோய் அறிகுறி தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. சிறிய குட்டி, சிறிய கீறல் என்று விட்டுவிடுவதே நாங்கள் மிகவும் அஞ்சும் செயல்.

காயத்தை உடனே ஓடும் நீரில் சோப்பு இட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நாம் எண்ணுவதைவிட நீண்டது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதையும் வைக்கக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. பிறகு அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ அன்றே செல்லுங்கள். தடுப்பூசி அங்கு இலவசமாகப் போடப்படுகிறது. இரத்தப்போக்கு மிகுந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி 108ஐ அழையுங்கள்.

தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தாலோ, திறந்த புண்ணிலோ கண், வாய் ஆகியவற்றிலோ உமிழ்நீர் பட்டிருந்தாலோ, தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் மருந்தும் காயத்தைச் சுற்றிச் செலுத்தப்பட வேண்டும். முகம், தலை, விரல் காயங்களில் இது மிகவும் இன்றியமையாதது. பெரிய காயத்தை உடனே தைக்கவில்லையே என்று வருந்தாதீர்கள். இம்மருந்தைச் செலுத்திய பின்னரே, தேவையெனில், தையல் இடப்படும்.

தோலினுள் போடும் முறையில் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாள்களிலும், தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 ஆகிய நாள்களிலும் போடப்படும். முதல் ஊசி போடும் நாளே '0' நாளாகும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். உணவில் பத்தியம் ஏதும் தேவையில்லை.

கடித்த நாய் தடுப்பூசி போடப்பட்டது என்று அதனை வளர்ப்பவர் கூறினாலும், முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். நாயின் தடுப்பூசி அட்டையை மருத்துவரிடம் காட்டுங்கள். நாயை அடித்துக் கொல்லவோ தொலைவில் கொண்டுபோய் விடவோ வேண்டாம். அதனைக் கட்டி வைத்து 10 நாள்கள் கண்காணிக்க வேண்டும். அந்நாள்களில் நாய் நலமாக இருந்தால் எஞ்சிய ஊசிகள் குறித்து மருத்துவர் முடிவு செய்வார். நாய் இறந்தாலோ காணாமற்போனாலோ எல்லா ஊசிகளையும் தவறாமல் போட்டு முடிக்க வேண்டும்.