உறவின்முறையும் தொழில்முனைவும்

சாதிக் கட்டுப்பாடு தொழில்முனைவுக்குத் தடை என்பது ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் காலத்திலிருந்து சொல்லப்பட்டுவரும் கருத்து. தென்தமிழக நாடார் வணிகர் விஷயத்தில் அது பொருந்தவில்லை. இங்கே அந்தக் கட்டுப்பாடே முதலாக மாறியது.

19ஆம் நூற்றாண்டில் பனைத்தொழிலைச் சார்ந்திருந்த இச்சமூகத்தில் ஒரு பிரிவினர் கருப்பட்டி, கருவாடு, உப்பு ஆகியவற்றை மாட்டுவண்டிகளில் ஏற்றி வடக்கே வந்தனர். வழிப்பறிக்கு அஞ்சிய அவர்கள் சிவகாசி, விருதுப்பட்டி (இன்றைய விருதுநகர்), அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஊர்களில் பேட்டைகளை அமைத்தனர். மதிலுக்குள் கிணறும், வண்டி அவிழ்க்க இடமும், சரக்கு வைக்கக் கொட்டகையும் இருந்தன. பேட்டையைப் பயன்படுத்தும் வணிகர் வருவாயில் ஒரு பங்கை மகமையாகப் பொதுநிதிக்குச் செலுத்த வேண்டும். ஊர்ச் சாதிச்சங்கமான உறவின்முறை அந்த நிதியை நிர்வகித்தது, வழக்குகளைத் தீர்த்தது, தவறியவருக்குத் தண்டம் விதித்தது. ஏமாற்றியவன் வாடிக்கையாளரை மட்டுமல்ல, உறவையும் இழக்க நேரும் என்பதால் பத்திரமில்லாக் கடனுக்கும் பிணை இருந்தது. மகமைப் பணத்தில் எழுந்ததே விருதுப்பட்டியில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை. காமராசர் படித்தது அங்கேதான்.

ஆங்கிலேயர் ஆட்சியில் சாலைகள் பாதுகாப்பானதே வளர்ச்சிக்குக் காரணம் என்பர் சிலர். அதே கரிசல் மண்ணில் அதே சாலைகள் மற்றவர்களுக்கும் இருந்தனவே! கோயில் நுழைவு மறுப்பும் அதையொட்டிய 1899 சிவகாசிக் கலவரமும்தான் இவர்களை ஒன்றுதிரட்டின என்ற வாதத்துக்கு வலு அதிகம். ஆனால் அது, பண்பாடு பிறவிக்குணம் அல்ல, பட்ட அனுபவத்தில் உருவாவது என்பதையே காட்டுகிறது. வரிக்கொள்கையின் பங்கையும் மறுக்க முடியாது. 1922இல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரி உயர்ந்தது. அவ்வாண்டே அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்றனர்; தொழில் கற்றுத் திரும்பியபின் சிவகாசியில் தீப்பெட்டி ஆலை தொடங்கினர். வரி நாடு முழுவதற்கும் பொதுவானது. வானம் பார்த்த ஒரு சிறுநகரிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்படும் துணிவை வரியைக் கொண்டு மட்டும் விளக்க இயலாது.

உறவின்முறை கட்டிய நம்பிக்கை வட்டத்துக்கு எல்லையும் உண்டு. அதன் கூட்டத்தில் பெண்களுக்கு இடமிருக்கவில்லை; தீப்பெட்டித் தொழிலோ அவர்கள் உழைப்பில், நெடுங்காலம் சிறுவர் உழைப்பிலும், நின்றது.

சிவகாசியில் பின்னர் பட்டாசும் அச்சும் சேர்ந்தன. 1921இல் தூத்துக்குடியில் இச்சமூகத்தினர் நாடார் வங்கியாகத் தொடங்கியது 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறியது. 2022இல் அதன் பங்குகள் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டன.