குறிச்சொல்லும் துறைக்குறிப்பும்

எழுதி வைத்தல் ஒரு கலை. எழுதியதை வேண்டும்போது எடுத்தல் வேறொரு கலை. கைப்பேசியிலும் கணினியிலும் குறிப்பெடுப்போர் ஒவ்வொரு குறிப்பின் கீழும் இரண்டொரு சொற்களைச் சேர்த்து வைக்கின்றனர். பின்னர் அச்சொல்லைத் தேடினால், அதனைத் தாங்கிய குறிப்புகள் யாவும் ஒருங்கே வந்து நிற்கும். இதனைக் குறிச்சொல் என்பர். பெயர் புதிது, முறையோ தமிழர்க்குப் பழையது.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றை நோக்குக. பாடல்களின் அடியில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டோர் என்னும் குறிப்புகள் உள்ளன. இவை புலவர் எழுதியவை அல்ல. பிற்காலத்தார் சேர்த்தவை என்பது அறிஞர் கருத்து. முரஞ்சியூர் முடிநாகராயர் பாடிய இரண்டாம் பாட்டிற்குச் செவியறிவுறூஉ என்று துறை வகுத்தவர், வாழ்த்தியல் என்னும் துறையையும் உடன் குறித்தார். ஒரு பாட்டிற்கு இரண்டு வாயில்கள் அமைந்தன.

நூலகத்திலும் இச்சிக்கல் உண்டு. ஒரு நூலை ஓர் அடுக்கில்தான் வைக்க இயலும். அது கூறும் செய்தியோ பல. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன், நூலின் பொருளைப் பல கூறுகளாகப் பிரித்து, அவற்றுக்குரிய குறியீடுகளை முக்காற்புள்ளியால் இணைத்தார். கோலன் பகுப்பு முறை என்னும் அந்நெறி 1933இல் நூலாக வெளிவந்தது.

வாயில்கள் பலவாகலாம், ஆனால் ஒவ்வொன்றின் பெயரும் நிலையாக இருத்தல் வேண்டும். துறைப்பெயர்களை இலக்கண நூல்கள் வரையறுத்திருந்தமையால், அவை ஆளுக்கொரு வகையாகத் திரியவில்லை. பெயர் திரிந்தால் நேரும் இடருக்குக் கெடாவே சான்று. பட்டினப்பாலையில் வரும் காழகத்தைக் கடாரம் என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் போற்றும் மெய்க்கீர்த்தியிலும் கடாரமே காணப்படுகிறது. வடமொழியில் அது கடாகம், இன்று கெடா. கெடா என்னும் ஒரு சொல்லை மட்டும் தேடுவோனுக்கு ஏனைய குறிப்புகள் கையிலிருந்தும் இல்லாதவையே.

இவ்விடர் பழங்காலத்தோடு ஒழிந்ததன்று. மலாயாவில் தோட்டங்கள் பலவற்றுக்கு ஏட்டில் ஒரு பெயர். தமிழ்த் தொழிலாளர் வாயில் வேறொரு பெயர். தென் கெடாவிலுள்ள செர்டாங் போன்ற ஊர்களின் வரலாற்றைத் தொகுக்கப் புகும் ஆசிரியர், முதியோர் சொன்னதை ஒரு பெயரிலும் ஆவணச் செய்தியை மற்றொரு பெயரிலும் பதிந்தால், ஒரே தோட்டம் இரண்டு தோட்டமாகிவிடும். இரண்டும் ஒன்றென அறிந்தவர் மறைந்தபின் அதனைத் திருத்துவார் யார்?

ஆகவே குறிப்புத் தொகுப்போர் முதலில் ஒரு பெயரைத் தலைச்சொல்லாகக் கொள்ளுதல் நன்று. ஏனைய பெயர்களை எழுதி, அவற்றின் எதிரே தலைச்சொல்லைக் 'காண்க' எனக் குறித்தல் வேண்டும். இடம், காலம், பொருள், சொன்னவர் என நான்கு குறிச்சொற்களே பெரும்பாலும் போதும். மிகுந்தால் குறிச்சொற்களையே தேட நேரும். புறநானூற்றின் அடிக்குறிப்பு ஓரிரு வரியே. அதனாலன்றோ பல பாடல்களைப் பாடியவரும் பாடப்பட்டவரும் இன்னார் என இன்றும் அறிய முடிகிறது!