இலையே ஒளிமானி

ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர், அயலிலுள்ள தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. ஊர்காவற்றுறை அமைந்த தீவு லெய்டன் எனப்பட்டது. அவர்தம் ஆட்சி இங்கு நிலவிய காலத்திலேயே, 1779இல், ஒல்லாந்திற் பிறந்த மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ் இங்கிலாந்திலிருந்து ஓர் அரிய ஆராய்ச்சி செய்தார். இலைகளை நீருள் அமிழ்த்தி வெயிலில் வைத்தார், குமிழிகள் எழுந்தன. இருளில் வைத்தார், அவை நின்றன. இதற்குக் காரணம் வெயிலின் சூடு அன்று, அதன் ஒளியே என அவர் தெளிந்தார்.

எவ்வளவு ஒளி வேண்டும்? இவ்வினாவிற்குக் கண்ணை நம்பி விடை கூறல் அரிது. முற்றத்து ஒளியிற் பத்திலொரு பங்கும் விறாந்தையுட் புகாதிருக்கலாம். ஆயினும் கண்மணி விரிந்து, போதிய ஒளி உண்டென்றே காட்டும். அங்கு வைத்த செடியோ மெலிந்து நீளும்.

ஜேர்மானிய அறிஞர் சாக்ஸ் 1864இல் இலையையே கருவியாக்கினார்: நீர்ச்செடி விடும் குமிழிகளை எண்ணினார். கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் ஐதரில்லா என்னும் நீர்ச்செடியைக் கொண்டு அவ்வெண்ணிக்கையைத் தானே பதியும் பொறி ஒன்றை அமைத்து, அவ்வாராய்ச்சியை 1924இல் நூலாக வெளியிட்டார். பொறியின்றியும் இதை வீட்டிற் செய்யலாம். கண்ணாடிப் போத்தலில் நீரும் சிறிது அப்பச்சோடாவும் இட்டு, ஐதரில்லாக் கொடியின் வெட்டிய நுனி மேலே நிற்குமாறு அமிழ்த்தி, ஒரு நிமிடத்திற்கு எழும் குமிழிகளை எண்ணுக. மங்கிய விளக்கொளியில், விளக்கின் தூரத்தை இரட்டித்தால் ஒளி காற்பங்காகும். எண்ணிக்கையும் ஏறக்குறைய அவ்வாறே குறையும்.

ஒளி மிக மிகக் குமிழியும் மிகுந்துகொண்டே போகுமோ? போகாது. ஓர் எல்லைக்கு மேல் ஒளி கூடினும் எண்ணிக்கை கூடாது. வேறொரு தேவை தடையாகிறது என்பதை 1905இல் பிளாக்மன் விளக்கினார். தீவகத்து நண்பகல் வெயில் ஏறத்தாழ ஓர் இலட்சம் லக்ஸ். இளநாற்றுக்கு அது மிகை. நீர் குறைந்தவிடத்து அதனைக் கருக்கியும் விடும்.

லக்ஸ் என்பதும் மனிதக் கண்ணுக்கென வகுத்த அலகே. இலை பயன்கொள்ளும் ஒளி 400 முதல் 700 நனோமீற்றர் வரை என, 22 பயிர்களை ஆராய்ந்து 1972இல் மக்றீ காட்டினார். எனவே சிவப்பும் நீலமும் கலந்த இன்றைய வளர்ப்பு விளக்கின்கீழ் லக்ஸ்மானி குறைத்துக் காட்டும். குமிழிகளோ தளராது எழும். கருவி ஏதும் இல்லாத வேலணைத் தோட்டத்தாரும் இலையையே கேட்டனர்: நாற்றுமேடைமீது கிடுகு பரப்பி, நாற்று வாடினால் நிழலைக் கூட்டினர், வெளிறி நெடுத்தால் ஒரு கிடுகை எடுத்தனர்.