மாதுங்கா வீட்டுத் தரை

மாதுங்காவில் நாங்கள் இருப்பது 1930களில் கட்டிய கட்டடம். இரண்டாவது மாடி, 420 சதுர அடி மாளிகை :-) போன மாதம் ரிப்பேர் வேலை ஆரம்பித்தோம். ஹாலில் யாரோ எப்போதோ ஒட்டிய வினைல் விரிப்பை மிஸ்திரி உரித்தால், அடியில் பச்சையும் கறுப்புமாய்ப் பூப்போட்ட சிமெண்ட் டைல்ஸ்! "உடைச்சிடவா?" என்றார் இந்தியில்.

இந்தப் பேட்டையே பிளேக் போட்ட பிள்ளை. 1896ல் பம்பாயில் பிளேக் வந்தது. காற்றில்லாத நெரிசல்தான் காரணம் என்று 1898ல் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் அமைத்தார்கள். தாதர், மாதுங்காவில் மனை பிரித்துத் தெரு போட்டது அதுதான். எங்கள் சமையலறைக்குக் காற்று வருவது அந்தப் பயத்தின் புண்ணியம்.

வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த இந்த மாதிரி டைல்ஸை இங்கேயே செய்ய, சுதேசி வேகத்தில் 1922ல் பாரத் டைல்ஸ் தொடங்கியது. இதைச் சூளையில் சுடுவதில்லை. அச்சில் நிறச் சிமெண்ட் ஊற்றி, பிரஸ்ஸில் அழுத்தி, தண்ணீரில் பதப்படுத்துவார்கள். ஆசிட் பட்டால் போச்சு. மிஸ்திரி கையிலோ ஆசிட் கேன்!

தங்கமணிக்கு வேறு கவலை. நாங்கள் பகடி முறைக் குடித்தனக்காரர்கள் (பெயரைப் பாருங்கள்!). 1947 சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் அளவில் நிறுத்திவைத்தது. அன்றிலிருந்து ரிப்பேர் குடியிருப்பவர் தலையில். "நாளைக்கு மொத்தமா இடிச்சா, இந்தக் காசு?" என்றாள். பதில் இல்லை.

ஆனாலும் சோப்புத் தண்ணீரில் தேய்த்தோம். உடைந்த நாலு இடத்தில் வெறும் சிமெண்ட் பூச்சு. ஊரிலிருந்து வந்த அம்மா அதன்மேல் கோலம் போட்டுவிட்டார்.