வெறும் வயிற்றின் வரலாறு

நம் இளைய மகனுக்கு வயது ஆறு. கடைவாய்ப் பற்கள் நான்கும் சொத்தையாகிவிட்டன. பயந்த பிள்ளையாதலால், தணிவான மயக்க மருந்து கொடுத்து ஒரே அமர்வில் முடித்துவிடலாம் என்றார் பல் மருத்துவர். காலை 9 மணிக்கு வெறும் வயிற்றுடன் வரவேண்டும் என்று தாளில் எழுதியும் தந்தார். அன்று ஃபஜ்ருக்குப் பின் பிள்ளை பசியென்று முனகவே, நம் தாயார் யாரும் அறியாமல் ஒரு தம்ளர் பாலைப் புகட்டிவிட்டார்கள். மருத்துவர் மூன்றாம் முறை கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. சிகிச்சை தள்ளிவைக்கப்பட்டது. "பால்தானே வாப்பா, சோறா கொடுத்தேன்?" என்று வீடு வரும்வரை தாயார் கலங்கிக்கொண்டே வந்தார்கள்.

அவர்களுக்குப் பதில் சொல்லத் தேடியபோதுதான், அந்தத் தாளின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் நெடிய வரலாறு இருப்பதைக் கண்டோம்.

பல் வைத்தியம் நம் முன்னோர்க்குப் புதிதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் குர்துபா நகரை அடுத்து வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (ரஹ்), முப்பது பாகங்கள் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' என்னும் மருத்துவ நூலின் இறுதிப் பாகத்தை அறுவை மருத்துவத்துக்கே ஒதுக்கினார். பற்காரையைச் சுரண்டும் கருவிகளையும் பல் பிடுங்கும் குறடுகளையும் அதில் படம் வரைந்தே காட்டினார். ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் பிணைக்கும் முறையையும் எழுதினார். வலி நோயாளியை ஏமாற்றும். நல்ல பல்லைக் காட்டி இதுதான் வலிக்கிறது என்பான். ஆகவே நோயுற்ற பல் எதுவென்று உறுதி செய்யாமல் குறடைத் தொடாதே என எச்சரித்ததும் அவரே. ஆனால் வலியைப் போக்க அன்றைய மருத்துவரிடம் இருந்தவை மிகச் சில. இப்னு ஸீனா (ரஹ்) அபினியையும் மயக்கும் வேர்களையும் குறிப்பிடுகிறார். அவற்றின் அளவு சற்றுத் தவறினால் உறக்கமே மரணமாகிவிடும்.

இங்கே சிலர் உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களை நினைவூட்டுவார்கள். அழுகிய காலை வெட்டி எடுக்கும்போதும் அறிவை மயக்கும் எதையும் அருந்த மறுத்துப் பொறுமை காத்தார்கள் என வரலாற்று நூல்கள் அறிவிக்கின்றன. அது அவர்களின் உயர்ந்த நிலை. எல்லோர் மீதும் அதைச் சுமத்த மார்க்க அறிஞர்கள் முன்வரவில்லை. நம் பகுதிகளில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்), அழுகிய உறுப்பை வெட்டுவதற்காக அறிவை மறைக்கும் மருந்தை உட்கொள்வது கூடும் என்றே முடிவு கூறியிருக்கிறார். ஆறு வயதுப் பிள்ளையிடம் உர்வாவின் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமன்று என்பது நம் கருத்து.

வலியற்ற சிகிச்சைக்கு வழி திறந்தவர் ஒரு பல் மருத்துவர் என்பது நமக்கு வியப்பளித்தது. 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் 'சிரிப்பு வாயு' வேடிக்கைக் காட்சி ஒன்று நடந்தது. வாயுவை முகர்ந்த ஒருவர் காலில் அடிபட்டும் வலியறியாமல் நின்றதை ஹோரஸ் வெல்ஸ் கவனித்தார். மறுநாளே அந்த வாயுவை முகர்ந்து தம் பல்லையே பிடுங்கச் செய்தார். ஆனால் அடுத்த மாதம் பாஸ்டன் நகரில் மருத்துவர்கள் முன் செய்துகாட்டியபோது நோயாளி கத்திவிட, ஏமாற்றுக்காரர் என்ற இழிசொல்லே அவருக்கு மிஞ்சியது. 1846 அக்டோபர் 16 அன்று அதே நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதரைக் கொண்டு வெற்றி கண்டார். அவரும் பல் மருத்துவரே. வெல்ஸ் மனம் உடைந்து 1848 ஜனவரி 24 அன்று இறந்தார்.

அதற்கு நான்காம் நாள், இங்கிலாந்தின் நியூகாஸில் அருகே ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமிக்குக் கால்விரல் நகம் ஒன்றை அகற்றக் குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் அவள் இறந்துபோனாள். மருந்தே காரணம் என்றனர் சிலர். அந்த மருந்தைப் புகழ்பெறச் செய்த ஜேம்ஸ் சிம்சனோ, அவளைத் தெளிவிக்க வாயில் ஊற்றிய தண்ணீரும் பிராந்தியும் மூச்சை அடைத்துவிட்டன என்று வாதிட்டார். அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை.

உணவு தவறான பாதையில் போனால் நமக்குப் புரையேறுகிறது. யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லித் தலையில் தட்டுகிறோம். உண்மையில் அந்த இருமல் நுரையீரலைக் காக்க அல்லாஹ் அமைத்த காவல். மயக்கம் ஆழமானால் அந்தக் காவலும் உறங்கிவிடும். வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலில் இறங்கக்கூடும். 1946இல் நியூயார்க் மகப்பேறு மருத்துவர் கர்டிஸ் மெண்டல்சன், 44,016 பிரசவங்களை ஆராய்ந்து 66 பெண்களுக்கு இவ்வாறு நேர்ந்ததைப் பதிவு செய்தார். அவர்களில் இருவர் உணவு மூச்சுக்குழாயை அடைத்தே இறந்தனர். அதன் பின்னரே, நள்ளிரவுக்குப் பின் எதுவும் உண்ணக்கூடாது என்ற கட்டுப்பாடு இறுகியது. 1999இல் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் அதைச் சற்றுத் தளர்த்தியது: தெளிந்த நீருக்கு 2 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, இலகுவான உணவுக்கு 6, எண்ணெயில் பொரித்ததற்கும் இறைச்சிக்கும் 8 அல்லது அதற்கு மேல். பசும்பால் எதில் சேரும்? ஆறு மணி நேரப் பட்டியலில்தான். பார்க்கத் திரவம், வயிற்று அமிலம் பட்டதும் திரிந்து கட்டியாகிவிடுகிறது. நம் தாயாருக்கு அதுவே பதில்.

ரமளானில் இன்னொரு மயக்கம் உண்டு. நோன்பாளியின் வயிறு வெறுமையாகத்தானே இருக்கும் என்று எண்ணிச் சிலர் காலையிலேயே போய் அமர்கிறார்கள். அதிகாலை 4:30க்கு ஸஹர் உண்டவருக்கு 9 மணியளவில் ஆறு மணி நேரம் நிறைந்திருக்காது. மருத்துவரிடம் "நோன்பு" என்று மட்டும் சொல்லாமல், கடைசியாக உண்ட நேரத்தையும் உண்டதையும் சொல்லவேண்டும். அவசரமில்லாத சிகிச்சையைப் பெருநாளுக்குப் பின் வைத்துக்கொள்வது எளிது. மரத்துப்போகும் ஊசி மட்டும் என்றால் இந்தப் பட்டினி பொதுவாகத் தேவைப்படாது.

நீரிழிவுக்காரர் பட்டினியோடு வழக்கமான ஊசியையும் போட்டுக்கொண்டால் சர்க்கரை வீழ்ந்துவிடும். மருந்தளவை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர் தாமாக நிறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது. உறக்கத்தில் பலத்த குறட்டை, பிள்ளைக்குச் சளி, வயிற்றில் கரு, நாட்டு மருந்து ஆகியவற்றையும் சொல்லிவிட வேண்டும். விரலில் மாட்டும் சிறு கருவி, ஒளியைக் கொண்டு இரத்தத்தின் பிராணவாயுவை அளப்பது. ஜப்பானியர் தகுவோ அயோயாகி 1970களில் கண்ட வழி அது. நகப்பூச்சும் கரிய மருதாணியும் அவ்வொளியை மறைக்கக்கூடும். திருமண வீட்டிலிருந்து நேரே வரும் பெண்கள் ஒரு விரலையாவது விட்டுவைப்பது நல்லது.

துணைக்கு ஒருவர் வேண்டும் என்பதும் சடங்கன்று. மருந்து நினைவைக் கலைத்துவிடும். ஆனால் தெளிந்துவிட்டதாகவே மனம் சொல்லும். அன்று வண்டி ஓட்டலும், கடன் பத்திரத்தில் கையெழுத்திடலும் வேண்டாம். அறிவு மறைந்திருந்தால் உளூவும் முறிந்துவிடும். தெளிந்தபின் புதிதாக உளூ செய்துதான் தொழவேண்டும்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி நாள் குறித்தார்கள். இம்முறை வாப்பும்மாவே பேரனின் அருகில் படுத்துக்கொண்டார்கள். பால் பாத்திரத்தை முந்தைய இரவே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார்கள். உள்ளே போனவன் வெளியே வந்து, கண் முழுதும் திறக்காமல் தண்ணீர் கேட்கும்வரை, அவர்களும் தேநீர் அருந்தவில்லை.