ஹியோதெய்

ஜப்பானின் கியோட்டோ நகரில், நான்சென்ஜி கோயிலருகே டகாஹஷி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் மரபு உணவகம். 'ஹியோ' என்றால் சுரைக்குடுக்கை.

தோற்றம்: கோயிலுக்குச் செல்வோர் உட்கார்ந்து இளைப்பாறும் வழியோரத் தேநீர்க் கடையாகத் தொடங்கியது. அது 400 ஆண்டுக்கு முன் என்பாரும் 450 ஆண்டுக்கு முன் என்பாரும் உளர். 'குசுயா' என்னும் கூரை வேய்ந்த தேநீர் அறை அக்காலத்தது என்பர். விருந்து உணவகமானது 1837-இல்.

விருந்து முறை: இங்கு பரிமாறப்படும் கைசெகி, தேநீர்ச் சடங்குக்கு முன் அளித்த சிற்றுணவிலிருந்து வளர்ந்தது. அச்சடங்கைச் செம்மைப்படுத்தியவர் சென் நோ ரிக்யு (1522–1591). பசி தெரியாதிருக்கத் துறவியர் மடியில் வைத்த சூடான கல்லே இப்பெயருக்கு மூலம் என்பது ஒரு விளக்கம். 'கூடி அமரும் இடம்' எனப் பொருள்படும் வேறு எழுத்தும் வழக்கில் உண்டு.

முட்டை: இவ்வுணவகத்தின் புகழ் பெரிதும் ஓர் அவித்த முட்டையைச் சார்ந்தது. வெள்ளை இறுகியிருக்கும், மஞ்சள் ஓடாது, கெட்டிப்படவும் செய்யாது. இரண்டாக வகிர்ந்து, வெட்டுமுகம் மேலே தெரிய வைத்து, சோயா சாறு சில சொட்டு விடுவர். தோட்டத்தில் வளர்த்த கோழிகளின் முட்டையை வழிப்போக்கருக்கு அவித்துத் தந்ததே தொடக்கம் என்பது குடும்ப வழக்கு. 1864-இல் வெளியான கியோட்டோ படவிளக்க நூல் ஒன்று இம்முட்டையைக் குறிப்பிடுகிறது. அவிக்கும் பக்குவம் வாரிசு ஒருவருக்கே சொல்லித் தரப்படும். கோடிக்கணக்கில் முட்டை லாரியேறும் நாமக்கல் வட்டாரத்தாருக்கு ஒற்றை முட்டை ஒரு விருந்தா என்று தோன்றலாம். ஆனால் இங்கு மற்ற பதார்த்தங்கள் பருவத்துக்குப் பருவம் மாற, முட்டை மட்டும் மாறுவதில்லை.

கஞ்சி: மெய்ஜி காலத்தில் (1868–1912), கியோன் பகுதியில் இரவெல்லாம் களித்துத் திரும்பியவர்கள் விடியலில் வந்து கதவைத் தட்டி, உண்ண ஏதாவது கேட்டதால் காலைக் கஞ்சி பிறந்ததாகச் சொல்வர். வெண்கஞ்சியின் மேல், கூசு கிழங்கு மாவால் கெட்டியாக்கிய சாற்றை ஊற்றி உண்பர்.

அண்மைக் காலம்: மிஷலின் கையேட்டின் முதல் கியோட்டோ–ஒசாகா பதிப்பு (2009) மூன்று நட்சத்திரம் வழங்கியது. ஜப்பானிய உணவு மரபு 2013-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. டகாஹஷி எய்இச்சி 14ஆம் தலைமுறையினர். அவருக்குப் பின் பொறுப்பேற்ற யோஷிஹிரோ 15ஆம் தலைமுறையினர். கோடையில் காலைக் கஞ்சியும் குளிர்காலத்தில் காடைக் கஞ்சியும் பரிமாறப்படுகின்றன.